கோப்பையில் எந்தச் சொல்லைப் பொறிப்பது? ‘விக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

வெண்ணாற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு மேற்கே, கோயில்வெண்ணியை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிக் கபடிப் போட்டி நடத்துகிறோம். இந்த ஆண்டு புதிதாக ஒரு சுழற்கோப்பை செய்யக் கொடுத்திருக்கிறோம். அதன் செலவை ஏற்றுக்கொண்ட எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். பீடத்தில் பொறிக்க வேண்டிய வாசகத்தை அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். வெல்லும் அணியை அதில் ‘விக்டர்’ என்று குறித்திருக்கிறார்.

இதுவரை எங்கள் துண்டறிக்கைகளில் ‘வின்னர்’, ‘ரன்னர்’ என்றுதான் அச்சிட்டு வந்தோம். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலோ ‘சாம்பியன்’ என்று வருகிறது. இந்த மூன்று சொற்களும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா, அல்லது அண்ணன் ‘விக்டர்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் உண்டா என்பது எனக்கு விளங்கவில்லை. கோப்பையில் தமிழ்தான் இருக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பத்து நாள்களுக்குள் வாசகத்தைக் கொடுக்க வேண்டும். அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மயிலாடுதுறை ஆங்கில ஆசிரியை

மூன்றும் ஒன்றல்ல. மூன்றும் வெவ்வேறு வழிகளில் ஆங்கிலத்துக்குள் வந்தவை, இன்றும் வெவ்வேறு இடங்களில்தான் பொருந்துகின்றன.

‘விக்டர்’ இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ‘வெல்லுதல்’ என்னும் பொருளுடைய ‘வின்கெரே’ என்ற வினையிலிருந்து பிறந்து, பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. இந்தச் சொல் வரும் இடத்தில் எதிரி ஒருவர் இருந்தாக வேண்டும். எதிர்த்து நின்றவர் ஒருவரை அடக்கியவரே ‘விக்டர்’. அதனால்தான் லாட்டரியில் பரிசு விழுந்தவரை ஆங்கிலேயர் ‘வின்னர்’ என்பார்களே தவிர ‘விக்டர்’ என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவிக்கும் அந்தச் சொல் பொருந்தாது, ஏனென்றால் அவள் யாரையும் நேருக்கு நேர் நின்று வீழ்த்தவில்லை. குத்துச்சண்டை, மற்போர், தேர்தல், போர் ஆகியவற்றில் பொருந்தும். கபடிக்கும் நன்றாகப் பொருந்தும்.

‘வின்னர்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதன் வேராகிய ‘வின்னன்’ என்ற வினைக்கு முதலில் பாடுபடுதல், உழைத்தல், போரிடுதல் என்பனவே பொருள். உழைத்துப் பெறுதல் என்ற பொருளும், போட்டியில் வெல்லுதல் என்ற பொருளும் பின்னர் ஏறியவை. அந்தப் பழைய பொருளின் எச்சம் ‘பிரட்வின்னர்’ என்ற சொல்லில் இன்றும் இருக்கிறது. வீட்டுக்கு உழைத்துச் சோறு போடுபவர் என்பதுதான் அதன் பொருள். அங்கே வெற்றியும் இல்லை, தோற்றவரும் இல்லை.

நடையிலும் வேறுபாடு உண்டு. ‘விக்டர்’ எழுத்து நடைக்குரிய சொல், சற்றே கம்பீரமானது. பேச்சில் அரிதாகவே வரும். ஒருவரை வென்றதைச் சொல்லும்போது ‘ஓவர்’ என்ற முன்னிடைச்சொல்லை அடுத்துத் தோற்றவரின் பெயர் வரும். தமிழில் அந்த வேலையை ‘ஐ’ உருபு செய்கிறது.

இன்னும் இரண்டு சிறு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி முழுவதையும் குறிக்க வேண்டுமானால் ‘விக்டர்ஸ்’ என்று பன்மையில் எழுத வேண்டும். களத்தில் எழுவர் நின்று வென்றுவிட்டு ஒருவர் பெயரில் கோப்பை வாங்க முடியாது. அடுத்து, நம் ஊர்களில் வழங்கும் ‘ரன்னர்’ என்பது பாதிச் சொல். முழுச் சொல் ‘ரன்னர்-அப்’. வேட்டைநாய்ப் பந்தயங்களில் இறுதி ஓட்டத்தில் மட்டும் தோற்ற நாயைக் குறித்த சொல் அது. பின்பாதியை வெட்டிவிட்டால் எஞ்சுவது ‘ஓடுபவர்’ என்ற பொருள் மட்டுமே. இறுதி ஆட்டம் வரை வந்த அணிக்கு அதைக் கொடுப்பது முறையாகாது.

வலங்கைமான் வாசகி

ஆசிரியை அவர்கள் சொன்னதைப் படித்தபோது என் தங்கையின் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. பள்ளியில் படிக்கும்போது எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் முதலாவதாக வந்தாள். அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சான்றிதழ் ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலப் பகுதியில் ‘விக்டர்’ என்று இருந்ததை, தமிழ்ப் பகுதியிலும் அப்படியே ‘விக்டர்’ என்று எழுத்துப் பெயர்த்து, அவள் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பிற்காலத்தில் ஒரு நேர்காணலுக்கு அவள் அதைக் கொண்டுபோனபோது, விக்டர் என்பது தந்தை பெயரா, அப்படியானால் மற்றச் சான்றிதழ்களில் ஏன் வேறு பெயர் இருக்கிறது என்று கேட்டார்கள். அவள் விளக்கினாள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தான் ஓடி வாங்கிய ஒரு தாளை வைத்துக்கொண்டு தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததே என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஆகவே, எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள், ‘விக்டர்’ என்று தமிழெழுத்தில் மட்டும் போட வேண்டாம். நம் ஊரில் அது ஓர் ஆள் பெயர். அதைப் படிப்பவர் யாருக்கும் வெற்றி நினைவுக்கு வராது.

திருவையாற்று மாணவர்

சகோதரி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ‘சாம்பியன்’ என்ற சொல்லைப் பற்றி ஆசிரியை அம்மா எதுவும் சொல்லவில்லையே? அது தமிழ்ச் சொல் போலவே எல்லார் வாயிலும் புழங்கிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மயிலாடுதுறை ஆங்கில ஆசிரியை

நல்ல கேள்வி, தம்பி. இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான்.

‘சாம்பியன்’ என்பதன் வேர் ‘காம்புஸ்’ என்ற இலத்தீன் சொல். அதன் பொருள் வெளி, திடல், களம். கல்லூரி வளாகத்தை நாம் ‘கேம்பஸ்’ என்கிறோமே, அதுவும் அதே சொல்தான். களத்தில் இறங்கிப் போரிடுபவர் என்பதே ‘சாம்பியன்’ என்பதன் முதற்பொருள். வென்றவர் என்ற பொருள் அதில் தொடக்கத்தில் இல்லவே இல்லை. பிறருக்காகக் களம் இறங்குபவர் என்பது அடுத்து வந்த பொருள். பழைய இங்கிலாந்தில் நில வழக்குகளைக்கூடச் சண்டையிட்டுத் தீர்க்கும் முறை இருந்தது. வழக்காடுபவர்கள் தாமே சண்டையிடாமல் தங்கள் சார்பில் ஒரு வீரரை இறக்குவார்கள். அந்த வீரருக்குப் பெயர் ‘சாம்பியன்’. அந்தச் சட்டம் 1819 ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அரசருக்கும் அப்படி ஒரு ‘சாம்பியன்’ இருந்தார். முடிசூட்டு விருந்தில் கவசம் பூண்டு குதிரையில் வந்து, அரசரின் உரிமையை மறுப்பவர் எவரேனும் இருந்தால் என்னோடு பொருதட்டும் என்று கையுறையைக் கழற்றித் தரையில் எறிவார். 1821 ஆம் ஆண்டில் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோதுதான் அது கடைசியாக நிகழ்ந்தது.

போட்டியில் முதலிடம் பெற்றவர் என்ற பொருள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. ஆக, ‘விக்டர்’ என்ற சொல் ஒரு போரின் முடிவைச் சொல்கிறது. ‘சாம்பியன்’ என்ற சொல் களத்தில் நிற்கும் ஆளைச் சொல்கிறது. நேற்று ஓர் ஆட்டத்தில் தோற்றாலும், பட்டம் கைமாறும் வரை அவர் ‘சாம்பியன்’தான். ‘விக்டர்’ என்ற பெயரோ அந்த ஓர் ஆட்டத்தோடு முடிந்துவிடும்.

திருத்துறைப்பூண்டி உழவர்

அம்மா சொல்லும் ‘பிறருக்காகக் களம் இறங்குபவர்’ என்ற பொருளைத் தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்ப்பதால் வரும் கேட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் பகுதி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து உழவர்களிடம் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 ஆம் ஆண்டில் காலமானார். அவரை மரபு நெல்லின் ‘சாம்பியன்’ என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்ட ஒரு செய்தியை, ‘பாரம்பரிய நெல் சாம்பியன்’ என்று தமிழாக்கி ஒருவர் எங்கள் உழவர் குழுவில் பகிர்ந்திருந்தார். அவர் ஏதோ நெல் விளைச்சல் போட்டியில் பரிசு வாங்கியவர் என்றே இளைஞர்கள் பலரும் புரிந்துகொண்டார்கள். அவர் யாரோடும் போட்டியிடவில்லை. அழிந்துகொண்டிருந்த விதைகளுக்காக நின்றார். ‘மரபு நெல்லுக்காகப் பாடுபட்டவர்’ என்று எழுதியிருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது.

கோப்பை விளையாட்டுக்கானது, ஆகவே அங்கே ‘சாம்பியன்’ என்று எழுதினால் பொருள் கெடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது.

குடந்தைக் கல்வெட்டு ஆர்வலன்

இந்தச் சொற்களோடு ‘கான்கரர்’ என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதற்கு ஈடான தமிழ்ச் சொல் நம் ஆறுகளின் பெயரிலும் ஊர்களின் பெயரிலும் இன்றும் வாழ்கிறது.

‘கான்கரர்’ என்றால் இன்று ‘போரிட்டு நாட்டைப் பிடித்தவர்’ என்று பொருள். 1066 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியமின் அடைமொழி அது. ஆனால் அதன் இலத்தீன் வேருக்குத் ‘தேடிப் பெறுதல்’ என்பதே பொருள். பரம்பரையாக வராமல் ஒருவர் தாமே ஈட்டிய நிலத்தைக் குறிக்கவும் பழைய நிலச் சட்டத்தில் அந்தச் சொல் வழங்கியது. அதாவது, எதிரியை அடித்ததைக் காட்டிலும் நிலம் கைக்கு வந்ததைத்தான் அது சொல்கிறது.

இப்போது சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’. முதலாம் இராசேந்திரன் ‘கங்கை கொண்ட’, ‘கடாரம் கொண்ட’ சோழன். ‘முடிகொண்ட’ சோழன் என்பதும் அவன் பட்டம்தான். இன்றும் நம் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும் முடிகொண்டான் ஆற்றின் பெயரில் அதே சொல் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயங்கொண்டத்தின் பெயருக்குப் பொருள் வெற்றியைக் கொண்டது என்பதே. பகைவரும் இதே வினையைத்தான் நமக்கு எதிராக எழுதினார்கள். தக்கோலப் போரில் சோழரை வீழ்த்திய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனைக் கல்வெட்டுகள் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்கின்றன. ‘கொண்ட’ என்ற சொல்லுக்கு முன்னால் எப்போதும் ஓர் ஊரோ, நாடோ, தலையோ, முடியோ வரும். வெறுமனே ‘கொண்டவன்’ என்று எழுதினால் பொருள் முடியாது.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி இரண்டையும் ஒரே தொடரில் வைக்கிறது. ‘திண்டிறல் வென்றித் தண்டாற் கொண்ட’ என்று வருகிறது. வென்றி வேறு, கொண்டது வேறு. வெற்றி பொருந்திய படையைக் கொண்டு நாடுகளைக் கைக்கொண்டான் என்று அதை எழுதியவர் பிரித்தே சொல்கிறார்.

இந்த வேறுபாட்டை விளக்க எங்கள் குடந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு களம் இருக்கிறது. ஏறத்தாழ 880 ஆம் ஆண்டில் திருப்புறம்பியத்தில் பெரும்போர் ஒன்று நடந்தது. பல்லவ மன்னன் அபராசிதன் ஒருபுறமும் பாண்டியன் வரகுணன் மறுபுறமும் நின்றார்கள். சோழன் முதலாம் ஆதித்தன் பல்லவன் பக்கம் நின்றான். கங்க மன்னன் பிருதிவீபதி பல்லவனுக்காகப் போரிட்டு அந்தக் களத்திலேயே உயிர் துறந்தான். பாண்டியன் தோற்றான். அபராசிதன் என்ற பெயருக்கே வெல்லப்படாதவன் என்றுதான் பொருள், அந்தக் களத்தில் அவன் பெயர் பொய்க்கவும் இல்லை. ஆனால் போரின் பயனை அறுவடை செய்தவன் ஆதித்தன். சில ஆண்டுகளிலேயே அவன் அந்த அபராசிதனையே வீழ்த்தித் தொண்டை நாட்டைச் சோழ நாட்டோடு சேர்த்துக்கொண்டான். ஆங்கிலத்தில் எழுதினால், திருப்புறம்பியத்தின் ‘விக்டர்’ அபராசிதன், ‘வின்னர்’ ஆதித்தன் என்று நான் எழுதுவேன். பிறருக்காகக் களமிறங்கி மடிந்த பிருதிவீபதிக்கு, ஆசிரியை அவர்கள் சொன்ன பழைய பொருளில் ‘சாம்பியன்’ என்ற சொல் உரியது. ஒரே களத்தில் மூன்று சொற்களுக்கும் மூன்று ஆள்கள் இருக்கிறார்கள்.

பாபநாசம் வழக்குரைஞர்

கல்வெட்டு நண்பரின் பதிவை இருமுறை படித்தேன். என் தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

‘விக்டர்’ என்பதன் அதே இலத்தீன் வேரிலிருந்து நீதிமன்றச் சொற்கள் பல பிறந்திருக்கின்றன. குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதைக் குறிக்கும் ‘கன்விக்ட்’ அவற்றில் ஒன்று. வாதத்தால் ஒருவர் மனத்தை மாற்றுவதைக் குறிக்கும் ‘கன்வின்ஸ்’ என்பதும் அந்த வேர்தான். நம் பக்கத்துக் குத்தகை உழவர்கள் ஒரு தலைமுறைக் காலம் அஞ்சி வாழ்ந்த ‘எவிக்‌ஷன்’ என்ற சொல்லும் அதே குடும்பம். வழக்கில் முற்றாக வென்று சொத்தை மீட்பது என்ற பொருளில் தொடங்கி, நிலத்திலிருந்து ஆளை வெளியேற்றுவது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது எதனால் என்பதை இந்தப் பகுதி முதியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவர் ‘விக்டர்’ ஆகும்போது மறுபக்கத்தில் ஒருவர் நிலத்தை இழக்கிறார் என்பது அந்த வேரிலேயே இருக்கிறது.

தேர்தலில் வென்றவரை நம் 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ‘வின்னர்’ என்றும் அழைப்பதில்லை, ‘விக்டர்’ என்றும் அழைப்பதில்லை. ‘ரிட்டர்ன்ட் கேண்டிடேட்’ என்கிறது. மக்கள் தேர்ந்து அனுப்பிய வேட்பாளர் என்று பொருள். எனக்கு அந்தச் சொல்லாட்சி சரியாகவே படுகிறது.

‘விக்டர்’ என்ற சொல்லின் பன்மை வடிவத்துக்குச் சட்ட உலகில் ஒரு கசப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 முதல் 1948 வரை டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில், பதினொரு நீதிபதிகளுள் ஒருவராகிய நம் நாட்டு ராதாபினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் குற்றமற்றவர் என்று தனித் தீர்ப்பு எழுதினார். வென்றவர்களே நீதிபதிகளாக அமர்ந்து தோற்றவர்களை விசாரிப்பதை ‘வென்றோர் நீதி’ என்று குறிப்பது இன்று உலக வழக்கு. அந்த இடத்தில் ‘வின்னர்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள், பொருந்தாது.

தஞ்சைத் தட்டச்சர்

எல்லாரும் ஆழமாக எழுதுகிறீர்கள், படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு மறுப்பு. ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருப்பதால் தமிழிலும் மூன்று வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. தமிழில் ‘வெல்’ என்ற ஒரே வினை எல்லாவற்றையும் தாங்குகிறது. ‘வேண்டற்க வென்றிடினும் சூதினை’ என்று வள்ளுவர் சூதாட்டத்தில் கிடைக்கும் பொருளுக்கும் அந்த வினையைத்தான் ஆள்கிறார். ஆங்கிலேயர் அங்கே ‘வின்’ என்ற வினையைத்தான் போடுவார்கள், ‘விக்டர்’ அங்கே நிற்காது. நமக்கு அந்தத் தடை இல்லை. ‘வெற்றியாளர்’ என்று எளிமையாகப் பொறித்துவிட்டால் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

மயிலாடுதுறை ஆங்கில ஆசிரியை

உங்கள் மறுப்பில் பாதியை ஏற்கிறேன். வினை ஒன்றுதான். ஆனால் அந்த வினையிலிருந்து பெயரை ஆக்கும்போது ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ் செய்கிறது, அது காலம் காட்டுகிறது. ‘விக்டர்’ என்ற சொல்லில் காலம் இல்லை. ‘வென்றவர்’ என்றால் வென்று முடித்தவர், ‘வெல்பவர்’ என்றால் இனி வெல்லப் போகிறவர். ‘வெற்றியாளர்’ காலம் காட்டாத பெயர், அதனால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள். கோப்பைக்கு இது பெரிய வேறுபாடு. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கைமாறப் போகும் சுழற்கோப்பையின் பீடத்தில் ‘வென்றவர்’ என்று பொறித்தால், யார் வென்றவர் என்ற கேள்வி எழும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

சில நாள்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். முதலில் கேட்ட தம்பியின் ஊர்ப் பெயரைக் கண்டதிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன், கண் மருத்துவத்தால் தாமதமாகிவிட்டது.

வாகையைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. போரில் நிற்கும்போது தும்பை சூடுவதும், வென்ற பின் வாகை சூடுவதும் பழந்தமிழர் மரபு. ‘சாம்பியன்’ என்பதற்கு ‘வாகையர்’, ‘வாகையாளர்’ என்ற சொற்களை ஆக்கியவர்கள் இந்த மரபை எண்ணியே ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் தொல்காப்பியத்தின் வாகை வெறும் போர் வெற்றி அன்று. ‘தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்’ என்பதே அதற்கு அவர் தரும் விளக்கம். அவரவர் தத்தமக்குரிய செயலில் குற்றமின்றி மேம்பட்டு நிற்பதுதான் வாகை. அரசர் மட்டுமின்றி, அறிவரும் தவம் செய்வோரும் அந்தத் திணைக்குள் வருகிறார்கள். ஆங்கில ஆசிரியை சொன்ன கட்டுரைப் போட்டி மாணவிக்கு ‘விக்டர்’ பொருந்தாது. ‘வாகை’ பொருந்தும். திருத்துறைப்பூண்டி நண்பர் குறிப்பிட்ட நெல் ஜெயராமன் அவர்களுக்கும் பொருந்தும்.

பிறருக்காகக் களம் இறங்குபவர் என்ற பொருளுக்கும் நம்மிடம் சொல் உண்டு. அது ‘பொருநன்’. அதியமானைப் பற்றி ஔவையார் பகைவரிடம் ‘எம்முளும் உளன் ஒரு பொருநன்’ என்கிறார். களம் புகாதீர்கள், எங்களிடமும் ஒருவன் இருக்கிறான் என்ற எச்சரிக்கை அது. அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அவர் சொல்லும் உவமையை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தைப் போன்றவன் என்கிறார். வென்றான் என்று ஔவை சொல்லவில்லை. போர் இன்னும் நடக்கவே இல்லை. களத்துக்கு வரும் முன்பே ஒருவனுக்குரிய பெயர் அது. அரசனின் ‘சாம்பியன்’ கையுறையை எறிந்து சொன்னதும் இதைத்தான் அல்லவா?

இனி, தம்பியின் ஊருக்கு வருகிறேன். இன்றைய கோயில்வெண்ணிதான் சங்க காலத்து வெண்ணி. கரிகால் வளவன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்ற களம் அது. கரிகாலன் எறிந்த படை சேரலாதன் முதுகிலும் புண் உண்டாக்கியது. புறப்புண் பட்டதற்கு நாணிய சேரன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர் விட்டான். அந்தப் போரைப் பாடியவர் அதே ஊரைச் சேர்ந்த புலவர் வெண்ணிக் குயத்தியார், மண்கலம் வனையும் குலத்துப் பெண். புறநானூற்றின் 66 ஆவது பாட்டு. வென்ற அரசனை நேரில் விளித்து அவர் பாடுகிறார்:

‘வென்றோய்! நின்னினும் நல்லன் அன்றே
கலிகொள் யாணர் வெண்ணிப் பறந்தலை
மிகப்புகழ் உலகம் எய்திப்
புறப்புண் நாணி வடக்கிருந் தோனே.’

‘வென்றோய்’ என்ற இந்த விளிதான் ‘விக்டர்’ என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிகச் சரியான தமிழ். ஒரு களம், எதிரே ஒருவன், முடிந்துபோன ஒரு போர், மூன்றும் அதில் இருக்கின்றன. வளவனின் ஆற்றலைப் புலவர் மறைக்கவில்லை. ‘சென்று அமர்க் கடந்த நின் ஆற்றல் தோன்ற வென்றோய்’ என்று முழுமையாகவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் வென்றவன் என்பது அந்தப் போரின் முடிவுக்கு இட்ட பெயர். நல்லவன் என்பது அந்த ஆளுக்கு இட்ட பெயர். இரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று சோழ நாட்டுப் பெண் ஒருத்தி, சோழ அரசன் முகத்துக்கு எதிரே, தோற்ற சேரனுக்காகக் கேட்டாள். கேட்ட பாட்டைத் தமிழர் அழித்துவிடாமல் காத்தும் வந்திருக்கிறார்கள். ‘பறந்தலை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். போர்க்களம் என்று பொருள். ‘காம்புஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு நேர்.

தம்பி, அந்தப் பறந்தலையில்தான் உங்கள் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். சொல்லை வேறெங்கும் தேட வேண்டாம். ‘வென்றோர்’ என்று எழுதுங்கள்.

வலங்கைமான் வாசகி

ஐயா, இந்தப் பாட்டைப் பள்ளியில் படித்திருக்கிறேன். ‘வென்றோய்’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருப்பது இப்போதுதான் விளங்குகிறது. ஒரே ஓர் ஐயம். ‘வென்றோர்’ என்பதும் இறந்தகாலம்தானே? சுழற்கோப்பைக்குப் பொருந்தாது என்று ஆசிரியை அவர்கள் சொன்னதற்கு என்ன விடை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

நல்ல தடைதான், அம்மா. சுழற்கோப்பைகளில் ஆண்டுதோறும் வென்ற அணியின் பெயரைச் சிறு தகட்டில் எழுதிப் பீடத்தைச் சுற்றிப் பதிப்பது வழக்கம். பீடத்தில் காலம் காட்டாத சொல்லும், தகட்டில் இறந்தகாலச் சொல்லும் இருக்கட்டும். பீடத்துக்கு ‘வாகை’ போதும். தகட்டில் ‘வென்றோர்’, அதற்குக் கீழே ஆண்டும் அணியின் பெயரும்.

தஞ்சைத் தட்டச்சர்

இந்த ஏற்பாட்டுக்கு நானும் உடன்படுகிறேன். ‘வெற்றியாளர்’ என்ற என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். தகட்டின் எழுத்து அளவுக்கும் ‘வென்றோர்’ என்ற நான்கெழுத்துத்தான் வசதி. இரண்டாம் இடம் பெறும் அணிக்கும் ஒரு சொல் முடிவு செய்துவிடுங்கள், மீண்டும் ‘ரன்னர்’ என்று போட வேண்டாம்.

வெண்ணாற்றங்கரையான்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு ஊர்க்கூட்டத்தில் இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். குயத்தியாரின் பாட்டைப் படித்தபோது பெரியவர்கள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். வெண்ணிக் களம் நம் ஊரைச் சேர்ந்தது என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கரும்பேசுவரர் கோயிலுக்குச் சர்க்கரை நோய் தீர வேண்டி வருபவர்களுக்கு வழி சொல்லியே பழகியிருந்தோம்.

முடிவு இதுதான். பீடத்தில் ‘வெண்ணி வாகைக் கோப்பை’ என்று பொறிக்கிறோம். ஆண்டுத் தகடுகளில் ‘வென்றோர்’ என்று வரும். இறுதி ஆட்டத்தில் தோற்கும் அணிக்கும் இந்த ஆண்டு முதல் ஒரு சிறு கோப்பை கொடுக்கிறோம். அதில் ‘வெண்ணிக் களம் நின்றோர்’ என்று இருக்கும். வடக்கிருந்த சேரனை நினைத்து அந்தச் சொல்லைச் சொன்னவர் எங்கள் அணியின் பழைய ஆட்டக்காரர் ஒருவர், பல முறை இறுதி ஆட்டத்தில் தோற்றவர்.

வெளிநாட்டு அண்ணனிடமும் தொலைபேசியில் சொன்னேன். ‘விக்டர்’ என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, ‘வின்னர்’ என்ற சொல்லைவிட அதில் ஏதோ ஒரு மதிப்பு இருப்பதாகத் தோன்றியது, அவ்வளவுதான் என்றார். ‘வென்றோர்’ என்ற சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, இதுதான் நான் நினைத்தது என்றார். இரண்டாவது கோப்பையின் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

இன்று காலை கடைக்குப் போய் வாசகத்தைக் கொடுத்தேன். எழுத்துப் பொறிப்பவர் ‘வென்றோர்’ என்பதில் வரும் றகரம் பெரியதா, சிறியதா என்று இருமுறை கேட்டார். வல்லினம் என்று தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.